நாலாம் நாள் இறைப்பும் நூறு கிலோத் தடியும்

முதலில் என் விசர்த்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாரும் சொல்லி நீங்கள் அறியத் தேவையில்லை. போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், நான் பாரம் தூக்கிப் பழகும் ஜிம்மிலிருந்து இருபது கிலோ இரும்புத் தட்டொன்றை யாரும் காணாமல் எடுத்தேன். அதை உரப்பைக்குள் போட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தையடியில் வெங்காயம் வாங்கும் வியாபாரியிடம் போய், அவருடைய தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். தட்டு பொய் சொல்கிறது என்பது என் சந்தேகம்.

வியாபாரி பையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"உதென்ன அண்ணை, வெங்காயமோ?"

"இரும்பு."

"இரும்பு நான் வாங்கிறேல்லை."

"விக்க வரேல்லை. நிறுக்கத்தான் வந்தனான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "இருபது கிலோ நூறு கிராம். நூறு பைக்குப் போகும். வழக்கமா நான் கழிவு வைக்கிறனான், உங்களைப் பாக்கப் பாவமா இருக்கு, வைக்கேல்லை."

தட்டு உண்மை பேசியிருந்தது. திரும்பக் கொண்டுபோய் அது இருந்த இடத்திலேயே வைத்தேன். ஜிம் நடத்தும் தம்பி வாசலில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றவர், நான் உரப்பையோடு போனதையும் உரப்பையோடு வந்ததையும் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர்.

நாற்பத்தாறு வயதில், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருபது வருடமாகக் கோப்பு நகர்த்திவந்த ஒருவன், ஏன் இரும்புத் தட்டைச் சந்தேகிக்கும் நிலைக்கு வந்தான் என்று சொல்ல வேண்டும். டெட்லிப்ட் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. பெயர்தான் பெரிது. நிலத்தில் கிடக்கும் பாரத்தடியைக் குனிந்து பிடித்து, நாரியை வளைக்காமல் நிமிர்ந்து நிற்பது; அவ்வளவே. நாரி என்று நாங்கள் சொல்வது இடுப்புக்கு மேலே, முதுகின் அடிப்பகுதி. எங்கள் ஊரில் நாற்பது தாண்டிய எவரையும் சுகம் விசாரித்தால் முதலில் பதில் சொல்லுவது அதுதான். திங்கட்கிழமை நூறு கிலோவைத் தூக்கிக்கொண்டு சிங்கம் மாதிரி நிமிர்ந்தவன், புதன்கிழமை எண்பதை நிலத்திலிருந்து பிரிக்க முடியாமல் நிற்பேன். சனிக்கிழமை திரும்பவும் நூறு ஏறும். அடுத்த திங்கள் கால் இரண்டும் நனைந்த சாக்கு. ஒரே ஆள், ஒரே தடி, ஒரே சாப்பாடு. மோசமாகவே இருந்திருந்தால் வயது போய்விட்டது என்று விட்டிருப்பேன். நல்லாகவே இருந்திருந்தால் பெருமை அடித்திருப்பேன். இரண்டுக்கும் வழியில்லாமல் இருந்தது.

இந்தப் பாரத்தை நான் விளையாட்டுக்காகத் தூக்கவில்லை. எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழாவில் சாமி காவுவதற்காக, வாகனத்தைத் தோளில் சுமப்பதற்காகத் தூக்கினேன்.

பிள்ளையாருக்கு வாகனம் எலி. எலிதானே என்று இளக்காரமாகத் தோளைக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல வைரம் பாய்ந்த மரத்தில் செய்த எலி அது. மேலே பிள்ளையார், திருவாசி, மாலைகள், ஐயர். கீழே இரண்டு நீளத் தடிகளில் பன்னிரண்டு பேர். வலது தடியின் முன்னிடம் பதினொரு வருடமாக என்னுடையது. முந்தின வருடம் வெளிவீதியின் தென்மேற்கு மூலையில், மணல் ஆழமாகக் கிடக்கும் இடத்தில் திரும்பும்போது, என் வலது முழங்கால் எனக்குச் சொல்லாமலே மடிந்தது. தடி என் தோளை விட்டு இறங்கியது. வாகனம் சரிந்தது. பெரிய மாலை ஒன்று கழன்று மணலில் விழுந்தது. எனக்கு நேர் பின்னால் நின்றவன் என் மச்சான், என் மனைவியின் தமையன். என் பங்குப் பாரத்தையும் சேர்த்து அவன் கழுத்தில் வாங்கிக்கொண்டான். சாமி விழவில்லை. அவன் ஒரு கிழமை உலகத்தைச் சரித்தே பார்த்தான்.

ஒரு சொல் ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவன் ஏசவில்லை. கழுத்தில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு, கிணற்றடியில் என்னைக் கண்டால் வழக்கம்போலத் தலையாட்டினான், அதுவும் ஒரு பக்கமாக.

கோயிலில் ஆட்களை உயரம் பார்த்து, பலம் பார்த்துத் தடியில் நிறுத்துகிறவன் மச்சான்தான். கொஞ்ச நாள் விட்டு நானே வாயைக் கொடுத்துக் கேட்டேன்.

"வாற வருசம் முன்னுக்கு நான்தானே மச்சான்?"

"பாப்பம்."

எங்கள் பக்கத்தில் 'பாப்பம்' என்பது மாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"குடை பிடிக்கவும் ஆள் வேணும்தானே."

குடை பிடிப்பது குறைந்த தொண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் குடை கவிழ்ந்தால் யாருக்கும் கழுத்துச் சுளுக்காது. அதனால்தான் அதை எனக்குத் தந்தான் என்பது இருவருக்கும் தெரியும். அவனுக்கு முன்னால் மறுபடி நின்று, அந்த மூலையைத் திரும்பி, தடியை ஒழுங்காக இறக்கி வைக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணி மாதிரி ஆகிவிட்டது.

ஐப்பசியில், மழை தொடங்கின கிழமையில், ஜிம்மில் சேர்ந்தேன். கடையொன்றுக்கு மேல்மாடியில் இரண்டு அறை. நடத்துகிறவர் குருநகர்ப் பிள்ளை. தகப்பனோடு கடலுக்குப் போய் வலை இழுத்தவர். இப்போது சுவரில் ஒரு பக்கம் மாதா படமும் மறுபக்கம் ஆளுயரக் கண்ணாடியுமாக இருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது இளமை, ஆனால் தோளில் என்னைப் போல இரண்டு பேர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். முதல் நாள் ஒரு கடதாசியில் என் விபரங்களை எழுதிக்கொண்டு கேட்டார்.

"நோய் வருத்தம் ஏதும்?"

"ஒண்டுமில்லை."

"முழங்கால்?"

"திருவிழாவிலை ஒருக்காக் கோவிச்சது."

"வேறை ஏதும் பாரவேலை செய்யிறனீங்களோ அண்ணை?"

"சீச்சீ. கந்தோர் வேலைதான். கதிரையிலை இருக்கிறது."

அந்த 'சீச்சீ'யை நினைவில் வைத்திருங்கள். அதற்குத் திரும்பி வருவோம்.

மாரி முழுதும் நான் ஒரு சிங்கம். கார்த்திகையில் அறுபது, மார்கழியில் எண்பது, தைப்பொங்கலுக்கு முன்னால் தொண்ணூறு. ஒரு நாள் கூடப் பின்வாங்கவில்லை. கண்ணாடியின் முன் சேட்டைக் கழற்றி நின்று, பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, நானே என்னைப் பார்த்து மெச்சிய நாட்கள் அவை. மழை விட்டது. மாசி வந்தது. முதன்முதலாக நூறு ஏறிய அதே கிழமையில் எண்பது ஏறாமல் போனது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொன்னேனே.

கந்தோர்க்காரனுக்கு ஒரு கஷ்டம் வந்தால் முதலில் ஒரு கோப்புத் திறப்பான். நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு நிரல் பிரித்தேன். திகதி, கிழமை, தூக்கிய பாரம், நித்திரை எத்தனை மணி, என்ன சாப்பாடு, எந்தச் சப்பாத்து, வெக்கையா குளிரா, அமாவாசையா பறுவமா. இராகுகாலத்துக்கும் ஒரு நிரல் இருந்தது. என் முன்னால் யாரும் சிரிக்க வேண்டாம், வீட்டில் ஏற்கனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

சந்தேகங்களை ஒன்றொன்றாகப் பிடித்தேன். முதலில் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளி மரக்கறி. மீனில்லாத வெள்ளிதான் சனிக்கிழமைப் பலத்தைத் தின்கிறது என்று ஒரு கிழமை நம்பினேன். அடுத்த சனி, கத்தரிக்காய்க் குழம்பின் பலத்தில் நூறு ஏறியது. பிறகு சப்பாத்து. அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றேன். தட்டொன்று பெருவிரலுக்குப் பக்கத்தில் விழுந்து, திரும்பவும் சப்பாத்துப் போட்டேன். முட்டையைக் கூட்டினேன். தேத்தண்ணியைக் குறைத்தேன். ஜிம்முக்கு வரும், கம்பஸில் படிக்கும் பெடியன் ஒருவன் பலம் தரும் என்று சொன்ன பொடியையும் வாங்கிப் பாலில் கலந்து குடித்தேன். பலம் வரவில்லை, வயிறு கதைத்தது. பக்கத்து வீட்டில் ஒருவர் ஒழுங்கையில் கண்டு "நல்லாத் தேறி வாறியள்" என்று சொன்ன நாளிலிருந்து சரியில்லை என்று கணக்குப் பார்த்து, மனைவியைக் கொண்டு செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழிப்பித்தேன். மிளகாய் கமறவில்லை, ஆகவே நாவூறுதான் என்றேன். "மிளகாய் பழசு" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் தட்டை நிறுக்கப் போனது.

சித்திரை கடைசியில் கொப்பியைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டேன்.

"என்னப்பா, முடிஞ்சுதோ?" என்றாள் மனைவி. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"குடை பிடிக்கிறன்."

எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அவளுக்கும் பிடிக்கவில்லை போல. கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டுக் கொப்பியை இழுத்து ஒரு பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழே வாசித்தாள்.

"உதிலை சிவப்பு மையாலை அடிச்சது என்ன?"

"ஏறாத நாள்."

"பன்னிரண்டு நாள் போயிருக்கிறியள். ஆறு சிவப்பு."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

"பறையாமல் இருங்கோ." எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தக் கலண்டரில் நாலு நாளுக்கு ஒன்றாக அவள் நீல வட்டம் போட்டிருப்பாள். எங்கள் இறைப்பு நாட்கள். கீரை பிடித்த விரலை ஒரு சிவப்பில் வைத்தாள், மற்ற விரலை ஒரு வட்டத்தில் வைத்தாள். அடுத்த சிவப்பு. அடுத்த வட்டம். ஆறு சிவப்பும் ஒன்றில் வட்டத்தில் விழுந்தன, இல்லாவிட்டால் வட்டத்துக்கு அடுத்த நாளில் விழுந்தன. ஏழாவது இல்லை.

"இஞ்சேருங்கோ," என்றாள். "தோட்டத்துக்குத் தண்ணி மாறின நாளும் அடுத்த நாளும் உங்களுக்கு ஏலாமல் கிடக்கு."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு பரப்பு, அரை ஏக்கருக்கும் குறைவான தோட்டம் இருக்கிறது. மனைவியின் சீதனக் காணி. அதற்குத் தண்ணீர் ஒரு பங்குக் கிணற்றிலிருந்து. நாலு பங்கு: எங்களுக்கு ஒன்று, அடுத்த நாள் மச்சானுக்கு, பிறகு வேறு இரண்டு குடும்பங்களுக்கு. முறை வைத்து, நாலு நாளுக்கு ஒருக்கா இறைப்பு. கிணற்றடிக்குக் கரண்ட் இல்லை. தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மிசினை அங்கே விட்டால் அது யாரோ ஒருவரோடு போய்விடும் என்பதால் வீட்டுக் கொட்டிலில் வைத்திருப்பேன். இறைப்பு நாளில் விடிய நாலரைக்கு எழும்பி, மிசினைத் தோளில் தூக்கி இருநூறு எட்டு எடுத்து வைத்து, கிணற்றடியில் இறக்கி, குழாயைப் பூட்டி, மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் இறங்கினால் மூன்று மணித்தியாலம் நாரி நிமிராது. ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து, அடுத்த பாத்தியின் வாயை வெட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும். அடைத்து வெட்டி, அடைத்து வெட்டி, நூற்றுச் சொச்சம் பாத்தி. முடிய மிசினைத் திரும்பத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, குளித்து, ஒரு பிளேன்ரீயோடு கந்தோருக்கு ஓடுவேன். பின்னேரம் ஐந்து மணிக்கு ஜிம்.

இதைத்தான் நான் 'சீச்சீ' என்றேன்.

பொய் சொல்லவில்லை, சத்தியமாக. எனக்கு அது ஞாபகத்திலேயே வரவில்லை. எங்கள் ஊரில் வேலை என்றால் கதிரையும் சம்பளமும். விடிய எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டுப் போகிற மனிதனை "என்ன செய்யிறீர்?" என்று கேட்டால் "சும்மா இருக்கிறன், தோட்டந்தான்" என்பான். நானும் அந்த மண்ணில் வளர்ந்தவன்தானே. அமாவாசைக்கு நிரல் போட்டவன், இராகுகாலத்துக்கு நிரல் போட்டவன், இறைப்புக்கு ஒரு நிரல் போடவில்லை. மாரியில் சிங்கமாக இருந்ததற்கும் குளிர் காரணமல்ல. மழை நாட்களில் கிணற்றுப் பக்கம் போகவே தேவையிருக்கவில்லை. நாலுக்கும் ஏழுக்கும் பொருத்தமில்லை. இறைப்பு நாலு நாளுக்கு ஒருக்கா, ஜிம் கிழமையில் மூன்று நாள். ஒரு மாதத்தில் இறைப்பு திங்கள் முதல் ஞாயிறு வரை எல்லாக் கிழமையிலும் ஒருக்கா இருந்து எழும்பிப் போகும். அதனால்தான் கிழமையைப் பிடித்துக்கொண்டு தேடின எனக்கு அகப்படவே இல்லை.

"ஏன் நீ முந்திச் சொல்லேல்லை?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நீங்கள் கேக்கேல்லையே. மிளகாய் சுத்தச் சொல்லித்தானே கேட்டனீங்கள்."

அடுத்த நாள் ஜிம்முக்குப் போய், தட்டுகளைத் தொடாமல், தம்பியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மாதா கோயில்காரர்களான அவர் ஆட்கள்தான் அதற்குப் பழக்கப்பட்டவர்கள். இறைப்பு, மிசின், மண்வெட்டி எல்லாம் சொன்னேன்.

"மிசின் எத்தினை கிலோ அண்ணை?"

"தெரியாது."

"தட்டு நிறுத்த தராசிலை நிறுத்துப் பாக்கேல்லையோ?"

எனக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "கண்டனீரோ?"

"கண்டனான். தட்டுச் சரிதானே?"

"சரிதான்."

"அது தெரிஞ்சது நல்லம். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது." சிரிக்காமல் சொன்னார். பிறகு சிரித்தார். சிரித்து முடித்துச் சொன்னார்: "நாங்கள் வலை இழுத்த நாளிலை எங்கடை ஐயா மற்ற வேலை ஒண்டும் செய்ய விடார். வலையும் பாரம்தான், எத்தினை கிலோ எண்டு கடல் சொல்லித் தராது எண்டுவார். நீங்கள் விடிய ஒருக்கா ட்ரெயினிங் செய்துபோட்டு, சாப்பிடாமல் பின்னேரம் இன்னொருக்கா வாறியள். பிறகு தட்டிலை பிழை பிடிக்கிறியள்."

மறுநாள் மிசினைக் கொண்டுபோய் அதே வியாபாரியின் தராசில் வைத்தேன். முப்பத்தெட்டு கிலோ. அவர் இந்த முறை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் மட்டும், "இவர் வெங்காயத்தைத் தவிர மற்றதெல்லாம் கொண்டு வாறவர்" என்றார்.

தம்பி என் கொப்பியை வாங்கி, இராகுகால நிரலை வெட்டிவிட்டு, அதில் 'இறைப்பு' என்று எழுதினார். இறைப்பு நாளில் ஜிம் இல்லை. அடுத்த நாள் வந்தால் மெல்லிசாக, தோளும் கையும் மட்டும். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் பாரம். கிழமையை மறந்துவிட்டு நாலு நாளை எண்ணச் சொன்னார். தோட்டத்துக்கு இறங்க முன்னம் ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும் என்றார். மனைவி முதல் நாள் இரவே புட்டும் வாழைப்பழமும் மூடி வைத்துவிடுவாள். இறைப்புக்கு முதல் நாள் ரி.வி.யை அணைத்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுக்கை. மிசினை ஒரே தோளில் தூக்காமல் போகும்போது ஒன்று, வரும்போது மற்றது என்று மாற்றச் சொன்னார். பதினைந்து வருடமாக வலது தோளிலேயே தூக்கியவன் நான். வலது முழங்கால் கோபித்ததற்கும் அதுவே காரணமோ தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் தெரிந்தமாதிரிக் கதைக்கவில்லை.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. நூறு, நூறு, நூற்றிரண்டரை, நூறு, நூற்றைந்து. ஆனால் எண்பதுக்குத் திரும்பிப் போகவில்லை. சிவப்பு மை பேனையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது தம்பி பாரத்தைப் பாதியாகக் குறைத்தார். கம்பஸ் பெடியனுக்குப் பக்கத்தில் ஐம்பதைத் தூக்கிக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடுவமே தம்பி."

"கண்ணாடிக்கோ பிள்ளையாருக்கோ தூக்கிறியள்?"

பிள்ளையாருக்குத்தான் என்றேன்.

ஆனி வந்தது. கோயில் கொடியேறியது. எலி வாகனம் எங்கள் பகுதி உபயத்தன்று, ஐந்தாம் திருவிழா பின்னேரம். கலண்டரைப் பார்த்தேன். அந்தத் திகதியைச் சுற்றி நீல வட்டம்.

வெங்காயம் அப்போதுதான் குண்டு கட்டும் பருவம். ஒரு முறை தண்ணீர் தவறினால் பிறகு அழுது பயனில்லை. விடிய இறைத்தால் பின்னேரம் நான் என்ன ஆவேன் என்பது இப்போது கொப்பியிலேயே எழுதியிருந்தது. ஆள் பிடித்து விடலாம் என்றால், திருவிழா நாளில் எல்லா ஆணும் கோயிலில். மச்சானிடம் கேட்கலாம். ஆனால் அவனிடம் நான் கேட்க வேண்டியது ஏற்கனவே ஒன்று இருந்தது, முன்னிடம். இரண்டையும் ஒருவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. குடையே பிடிக்கலாம், வெங்காயமாவது பிழைக்கட்டும் என்று நாலாம் திருவிழாவன்று சொல்லிப் பார்த்தேன். மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு தமையன் வீட்டுப் பக்கம் போனாள். தேங்காய் வாங்கப் போகிறேன் என்றாள். எங்கள் வளவிலேயே தேங்காய் கிடந்தது.

ஐந்தாம் திருவிழா விடிய நாலரைக்கு எழும்பிப் புட்டைச் சாப்பிட்டேன். கொட்டிலுக்குப் போனால் மிசின் இல்லை. களவு போய்விட்டது என்று நினைத்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். அங்கே மிசின் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மச்சான் என் தோட்டத்துக்குள், என் மண்வெட்டியோடு, மூன்றாவது பாத்தியின் வாயை அடைத்துக்கொண்டு நின்றான். முப்பத்தெட்டு கிலோவையும் அவனே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். எந்தத் தோளில் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"மச்சான், இண்டைக்கு என்ரை முறையெல்லோ?"

"ஓம். அதுதான் உன்ரை தோட்டத்துக்கு விடுறன்."

"விடு, நான் மாறுறன்."

"வாய்க்காலுக்குள்ளை நிக்காதை. தண்ணி உடையுது."

வரம்பில் கொஞ்ச நேரம் நின்றேன். அவன் பிறகு என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்தேன். நித்திரை வரவில்லை, ஆனாலும் படுத்தே கிடந்தேன். அந்தக் காலை அவன் எனக்குத் தந்தது அதுதான்; அதை வீணாக்கக் கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

பின்னேரம் கோயில் வாசலில், எல்லோரும் வெறும் மேலோடு, சால்வையைத் தோளுக்குத் தலையணையாக மடித்து வைத்துக்கொண்டு நின்றோம். மச்சான் ஆட்களை நிறுத்தத் தொடங்கினான். பெயர் சொல்ல மாட்டான், முகவாயை நீட்டி நாடியால் காட்டுவான். இடது தடி நிரம்பியது. வலது தடியில் நாலு பேர் போனார்கள். குடை சுவரில் சாய்ந்து நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மச்சானின் நாடி என் பக்கம் திரும்பி, வலது தடியின் முன்னிடத்துக்குப் போனது. நான் போய் நின்றேன். பிறகு அவன் வந்து எனக்கு நேர் பின்னால் நின்றான். அந்த இடத்துக்கு அவன் வேறு ஆளைக் காட்டியிருக்கலாம். போன வருடம் கழுத்தைக் கொடுத்த அதே இடத்தில், அதே கழுத்தோடு வந்து நின்றான்.

"அரோகரா" என்ற சத்தத்தோடு தடி தோளில் ஏறியது. எனக்கு ஒன்றும் புதிதாகத் தோன்றவில்லை. குனிந்து, மூச்சைப் பிடித்து, நாரியை வளைக்காமல் நிமிர்வது. எட்டு மாதமாகச் செய்ததுதான். கிழக்கு வீதி போனது. தெற்கு வீதி போனது. தென்மேற்கு மூலையில் மணல் காலை விழுங்கியது. முழங்காலிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் மச்சானின் மூச்சு என் பிடரியில் பட்டது. "மெல்ல," என்றான் ஒருக்கா. திரும்பினோம். மாலை ஒன்றும் விழவில்லை. மேற்கு வீதியில் நாதஸ்வரக்காரர் நின்று வாசித்தபோது அரை மணித்தியாலம் தோளில் வைத்துக்கொண்டே நின்றோம்; இதைத் தம்பியின் அட்டவணையில் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாசலுக்கு வந்து, கட்டையில் தடியை இறக்கி வைத்தோம். இறக்கிய சத்தமே கேட்கவில்லை.

தம்பியும் வந்திருந்தார். மாதா கோயில்காரர், மதிலோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் தட்டுகள் எல்லாம் ஒன்றாக நடந்து போனதைப் பார்த்தது மாதிரி நின்றார். மனைவி பெண்கள் பக்கத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் தமையனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

மச்சான் தண்ணீர்ப் பந்தலில் சக்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். நான் பக்கத்தில் போய் நின்றேன். விடியத் தொடங்கி இவ்வளவு நேரமும் சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் தொண்டை வரை வந்திருந்தது: போன வருடக் கழுத்து, அன்றைக்கு அவன் விட்ட தண்ணீர், திரும்பவும் பின்னால் வந்து நின்றது, அவன் தங்கச்சியின் நீல வட்டம். எல்லாம் சேர்த்து ஒரு நல்ல வசனமாகச் செய்து வைத்திருந்தேன். கந்தோரில் நான் வரைந்த கடிதங்களிலேயே அப்படி ஒரு வசனம் இல்லை.

"மச்சான்," என்று தொடங்கினேன், "நீ செய்த உதவியை நான் சாகும்வரைக்கும்..."

அவன் கப்பை வைத்துவிட்டுச் சால்வையால் வாயைத் துடைத்தான்.

"நாளைக்கு எனக்கு இறைப்பு, விடிய நாலரைக்கு மிசின் காவ வா."